படிவத்தில் இல்லாத முப்பது பங்கு

அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போடும் கம்பெனி, தன்னில் நூற்றுக்குப் பத்துப் பங்கோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். அந்தத் தாளுக்கு 1295 என்று எண். பெயர் எழுதத் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். எங்கள் வெஸ்டோவர் கவுண்ட்டியில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் பெரிய மனிதர்களுக்கு அடக்கம் ஜாஸ்தி.

க்ரெனெக் சரளைக் கம்பெனிக்காக அந்தத் தாளை நிரப்பியவள் லவான் ஹ்ருஸ்கா. பதினொரு வருஷமாக அங்கே ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறாள். வயது ஐம்பத்தேழு. கவுண்ட்டி ரோடுகளுக்கெல்லாம் அடுத்த வருஷம் முழுக்கச் சரளை போடும் ஒப்பந்தம், திங்கட்கிழமை, கவுண்ட்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் சபையில் வாக்கெடுப்புக்கு வருவதாக இருந்தது. வியாழக்கிழமை முதலாளி டால்டன் க்ரெனெக், "போன வருஷம் மாதிரியே, என் பேரு மட்டும்" என்று சொல்லிவிட்டு லாரி டயரைப் பார்க்கப் போனார். லவான் அவர் பெயரை மட்டும் எழுதினாள். கீழே தன் பிறந்த தேதி, வீட்டு விலாசம். இதில் எழுதியது பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வரிக்கு அடியில் தன் கையெழுத்து.

சனிக்கிழமை தீயணைப்புப் படைக்கு நிதி திரட்டும் கேக் ஏலம். எங்கள் ஊரில் தீயணைப்பவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். அவர்களுக்கு வண்டி வாங்குவதே கேக் விற்ற காசில்தான். அதனால் ஒரு தேங்காய் கேக்குக்கு ஒரு பசுமாட்டின் விலையைக் கேட்பது இங்கே கிறுக்குத்தனமில்லை, கௌரவம். அன்று கடைசிக் கேக்குக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் பிண அடக்க நிலையம் நடத்தும் வெண்டல் ப்ரூயிட். மற்றவர் ராய்ஸ் டிட்வெல். பதினாறு வருஷம் கமிஷனராக இருந்துவிட்டு, தன் நாற்காலியில் மகன் டேரலை உட்கார வைத்தவர். உட்கார வைத்தது வாக்காளர்கள் என்று தேர்தல் ஆபீஸ் சொல்லும்.

"எழுநூறு," என்றார் வெண்டல்.

"எண்ணூறு."

"நாற்காலிய மகன் கிட்ட குடுத்தாச்சு, சம்பளமும் போச்சு. இப்ப எதை நம்பி எண்ணூறு கேக்குறீரு ராய்ஸ்?"

கூடம் சிரித்தது. தான் சொன்னதற்கல்லாமல் வேறு எதற்கும் ஒரு கூட்டம் சிரிப்பது ராய்ஸுக்குப் பிடிக்காது. எழுந்து போனார். ஏலக்காரர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"வெண்டல், உனக்குத் தெரியாட்டி இப்ப தெரிஞ்சுக்க. க்ரெனெக் கம்பெனில நூத்துக்கு முப்பது என்னுது. இந்தக் கவுண்ட்டில எந்த ரோட்டுல நீ பொணத்த ஏத்திக்கிட்டுப் போனாலும் என் சரளை மேலதான் போற. ஆயிரம்."

இந்தத் தடவை சிரிப்பும் கைதட்டலும் அவருக்கே. கேக்கும் அவருக்கே.

லவான் மட்டும் கறித்துண்டைப் பாதி மென்றபடி அப்படியே இருந்தாள். பக்கத்தில் நாத்தனார் ட்வைலா.

"என்ன சொன்னாரு அவரு?"

"எது, முப்பதா? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியாதே."

"நீ அங்கதானடி வேலை பாக்குற?" ட்வைலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "முடி வெட்டுற கடையில கூட தெரியும்."

"ட்வைலா, அந்த மாதிரி யாரும் இல்லேன்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"எங்க?"

"கவுண்ட்டிக்குக் குடுக்குற படிவத்துல."

"ஓ, அதுவா," என்று ட்வைலா கறியின் மேல் சாஸை ஊற்றினாள். "அத எவன் படிக்கிறான்."

அது உண்மைதான். அந்தத் தாள் மாநிலத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. ஒரு விஷயத்தை எங்கள் ஊரிலிருந்து மறைக்க அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்று, அதன்மேல் சத்தியம் செய்தவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் டால்டன் க்ரெனெக் அவள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி நிறைய ஆப்ரிகாட் கொலாச்சி ரொட்டி, கக்கத்தில் ஒரு காகித உறை. சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். அடுத்த அறையில் லவானின் கணவர் கில்பர்ட் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார்.

"அந்தக் கெழம் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்," என்றார் டால்டன். "நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத. சரி பண்ணிட்டேன்."

"எப்படி?"

"முப்பதை நாலாப் பிரிச்சாச்சு. ராய்ஸுக்கு ஏழரை, அவர் சம்சாரத்துக்கு ஏழரை, ஹூஸ்டன்ல இருக்குற பொண்ணுக்கு ஏழரை, மாமியாருக்கு ஏழரை. யாருக்குமே பத்து இல்ல. பத்து இல்லேன்னா பேரு போட வேணாம். நீ போட்ட கையெழுத்து இப்ப சத்தியம்."

"மாமியாருக்கா? அவங்களுக்குத் தொண்ணூத்தொண்ணு வயசு. போன மாசம் முதியோர் இல்லத்துல என்னையே நீ யாருன்னு கேட்டாங்க."

"பங்கு வச்சுக்க ஞாபகசக்தி வேணும்னு சட்டம் இல்லையே லவான்."

"எப்ப பிரிச்சீங்க?"

"இப்பதான், கோயில் வாசல்ல. ஆனா நீ படிவத்துல போட்டதுக்கு முந்தின நாள், புதன்கிழமைத் தேதி போட்டிருக்கேன்." உறையிலிருந்து தாளை எடுத்து அவள் முன் தள்ளினார். "கீழ சாட்சின்னு உன் கையெழுத்து ஒண்ணு வேணும். அதே தேதி."

லவான் தாளைத் தொடவில்லை. "போன வருஷம்? அதுக்கு முந்தின வருஷம்?"

"அதெல்லாம் போட்டு முடிஞ்ச ரோடு."

டால்டன் கெட்ட மனிதரில்லை. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். எழுந்தவர், அடுத்த அறைப் பக்கம் தலையைத் திருப்பிக் குரலைத் தாழ்த்தினார். "கில்பர்ட்டுக்கு வாரம் மூணு தடவ டயாலிசிஸ், இல்ல? நல்லவேளை, நம்ம கம்பெனி இன்சூரன்ஸ் நல்ல இன்சூரன்ஸ்." நிஜமான பரிவோடுதான் சொன்னார்.

"பேப்பர் இங்கயே இருக்கட்டும்," என்றாள். "காலைல பாக்கலாம்."

அவருடைய பிக்கப் வண்டி தெருமுனையைத் தாண்டியபோது உள்ளேயிருந்து கில்பர்ட் பேசினார். "நான் தூங்கலே."

"தெரியும்."

"போடப் போறியா?"

"போடாட்டி இன்சூரன்ஸ் போயிரும். உங்களுக்குத்தான்…"

"என்னைச் சாக்கா வைக்காத லவான். எனக்காகப் போட்டுட்டு, அப்புறம் வாரம் மூணு தடவ என்னைக் கொண்டுபோய் விடுறப்ப அந்தக் கையெழுத்த என் மூஞ்சில பாப்ப. எனக்கு ஊசியே போதும்."

"அப்ப போடாதேங்கறீங்களா?"

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் கில்பர்ட். "அதையும் சொல்லிட்டேன். இனிமே உன் பாடு."

திங்கட்கிழமை ஏழு மணிக்கே ஆபீஸைத் திறந்தாள். மாநில இணையதளத்தில் புதிதாக ஒரு 1295 நிரப்பினாள். டால்டன் க்ரெனெக். அதற்குக் கீழே ராய்ஸ் டிட்வெல். இரண்டாவது பெயரைத் தட்டும்போது எழுத்துப் பிசகியது; அழித்து மறுபடி தட்டினாள். அச்சடித்தாள். பிறந்த தேதி, விலாசம், கையெழுத்து. புதன்கிழமைத் தேதி போட்ட தாளைக் கையெழுத்தில்லாமல் டால்டனின் மேஜைமேல் வைத்துவிட்டுக் கவுண்ட்டி அலுவலகத்துக்குப் போனாள்.

கிளார்க் ஒஃபேலியா கான்ட்டூ தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"வெள்ளிக்கிழமை ஒண்ணு வந்துச்சே லவான் அக்கா. அதுல ஒரு பேருதான் இருந்துச்சு."

"அது பொய்."

"அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க. திருத்தம்னு சொல்லுங்க." முத்திரை குத்தினாள். அப்புறம் மெதுவாக, "நானும் ஏலத்துல இருந்தேன்," என்றாள்.

"அப்ப நீயும் கேட்ட."

"கேட்டேன். எனக்கு முன்னாடியே தெரியும்." நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

ஒன்பது மணிக்குச் சபை கூடியது. ஜெபம் ஆயிற்று. தேசக் கொடிக்கு ஒரு உறுதிமொழி, டெக்சஸ் கொடிக்கு ஒன்று. முன்வரிசையில் ராய்ஸ் டிட்வெல் நெஞ்சில் கைவைத்து, கொடிகளுக்குக் காது கேட்காது என்பதுபோல் உரக்கச் சொன்னார். மேடையில் மகன் டேரல். சரளை ஒப்பந்தம் வந்ததும், சபைக்குத் தலைவரான கவுண்ட்டி ஜட்ஜ் தாளை எடுத்து வாசித்தார்: கம்பெனியில் பங்கு உடையவர்கள், டால்டன் க்ரெனெக், ராய்ஸ் டிட்வெல்.

தன் பெயர் சபையில் ஒலித்ததும் ராய்ஸ், பழக்க தோஷத்தில், பாதி எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அப்புறம்தான் மகனின் முகத்தைப் பார்த்தார். டேரல் இரண்டு வருஷமாக இதே கம்பெனிக்கு ஆதரவாகக் கை தூக்கியவன். அப்பாவுக்குப் பத்துக்கு மேல் பங்கிருந்தால் அவன் அதை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். ராய்ஸ் உட்கார்ந்தார். இவ்வளவு சின்ன நாற்காலியில் அவர் அடங்குவார் என்று நாங்கள் நினைத்ததில்லை.

டால்டன் எழுந்தார். "ஜட்ஜ், இது ஆபீஸ்ல நடந்த குழப்பம். என் கிட்ட கேக்காம அந்தம்மாவா அனுப்பிட்டாங்க."

கவுண்ட்டி வக்கீல் லவான் பக்கம் திரும்பினார். "மேடம், ரெண்டு படிவம் வந்திருக்கு. எது உண்மை?"

லவான் எழுந்து நின்றாள். "ரெண்டாவது."

"முதல்ல வந்ததுல யார் கையெழுத்து?"

"என்னுது."

"அது பொய்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"சனிக்கிழமை. ஏலத்துல." சுற்றிலும் பார்த்தாள். "இங்க இருக்குற எல்லாருமே அங்க இருந்தீங்க."

கூடத்தில் பாதிப்பேர் தங்கள் பூட்ஸைப் பார்த்தோம்.

வக்கீல் எழுதிக்கொண்டார். வாக்கெடுப்பு இரண்டு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. விஷயம் மாவட்ட அரசு வழக்கறிஞருக்குக் கடிதமாகப் போகும் என்று ஜட்ஜ் அறிவித்தார். யாரைப் பற்றி என்று ஒரு கமிஷனர் கேட்டதற்கு, இப்போதைக்குப் படிவத்தில் கையெழுத்திட்டவரைப் பற்றி என்றார் வக்கீல். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். ராய்ஸ் எந்தப் படிவத்திலும் கையெழுத்திட்டதில்லை. டால்டன் வாயால்தான் சொன்னார். பொய் என்று தாளில் காட்ட முடிந்ததெல்லாம் ஒரே ஒரு கையெழுத்துதான். உண்மையைக் கொண்டுவந்ததும் அதே கை.

வெளி வராந்தாவில் டால்டன் அவளருகே வந்தார். கோபப்படவில்லை. "ஆபீஸ் சாவிய மத்தியானத்துக்குள்ள குடுத்துரு. இன்சூரன்ஸ் மாசக் கடைசி வரைக்கும் ஓடும். அதுக்கு மேல என்னால ஆகாது."

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு," என்றாள் லவான்.

"பதினொண்ணு," என்றார் அவர். சொன்னதற்கு அவருக்கே கூச்சமாகிவிட்டது போல, வேகமாகப் படியிறங்கினார்.

அவள் மறுபடி கிளார்க் ஆபீஸுக்கு வந்தாள். ஒஃபேலியா எழுந்து நின்றாள்.

"வக்கீல் வைக்கணும் போல. நான் குடுத்ததுக்கு நகல் வேணும்."

"ரெண்டாவது படிவம்தானே? அதுதான் உங்களுக்கு உதவும். முதல் ஒண்ணு அவங்களே எடுத்துப்பாங்க, நீங்க எதுக்குக் கையில வச்சுக்கிட்டு?"

"ரெண்டையும் குடு ஒஃபேலியா," என்றாள் லவான். "ரெண்டுமே நான் போட்டதுதான்."