சுவரில் ஒரு பட்டை அதிகம்

டான்யூப் கரையில் எங்கள் ஸ்ரேம் சமவெளியில் விருந்தாளி வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், யாருக்கும் கை சும்மா இருக்காது. வேலிக்கு வெள்ளை அடிப்பார்கள், பிளம் மரத்தின் அடிக்கும் சுண்ணாம்பு பூசுவார்கள். போன வருஷம் பாதிரியார் வருகிறார் என்று ஒரு புண்ணியவதி பன்றியையே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தேசாங்காவுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை சூளை மேஸ்திரி ஒப்ராத்திடம் வாயை விட்டாள்.

"வெள்ளிக்கிழமை முப்பது பேர் வர்றாங்க மேஸ்திரி. எல்லாரும் வெளிநாட்டு ஆளுங்க. நம்ம சுவரைப் பாக்கத்தான் வர்றாங்க."

"நம்ம சுவரையா? அதுக்குன்னே வர்றாங்களா?" என்றார் ஒப்ராத். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

சுவர் என்றால் கட்டின சுவர் இல்லை. எங்கள் ஊர் ஸ்தாரி ப்ரேக் செங்கல் சூளைக்காரர்கள் அறுபது வருஷமாக மண் வெட்டி வெட்டி, குன்றின் ஒரு பக்கம் பத்து ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. மேலிருந்து கீழ்வரை மஞ்சள் புழுதி மண். நடுநடுவே ஐந்து செம்பழுப்புப் பட்டைகள். மஞ்சள் என்பது உறைபனிக் காலத்தில் காற்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய தூசி. செம்பழுப்பு என்பது பனி விலகி, புல் முளைத்து, மண் மண்ணாக இருந்த நல்ல காலம். இதைப் படிப்பதுதான் தேசாங்காவின் பிழைப்பு. நாற்பத்தாறு வயதில் முழங்கால் தேய்ந்துபோனதும் இந்தச் சுவரின் முன்னால் மண்டியிட்டுத்தான்.

எதற்கு இத்தனை மாறி மாறிப் பனியும் வெயிலும் என்று ஒப்ராத் ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். பூமி ஒழுங்காகச் சுற்றும் பிறவி இல்லை, மேஸ்திரி என்றாள் அவள். சாய்ந்து நிற்கிறது, அந்தச் சாய்வும் நாற்பதாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. சுற்றி ஓயப்போகும் பம்பரம் மாதிரி தலையையும் ஆட்டுகிறது, அதற்கு இருபதாயிரம் வருஷத்துக்கு மேல். போதாததற்குப் போகிற பாதையும் ஒரு லட்சம் வருஷத்துக்கு ஒருமுறை நீண்டு, மறுபடி வட்டமாகிறது. இதெல்லாம் சேர்ந்து வடக்கே கோடை வெயிலைக் குறைத்தால், குளிர்காலத்துப் பனி கோடையிலும் உருகாமல் தங்கிவிடும். அதன் மேல் அடுத்த வருஷத்துப் பனி. அப்படியே ஏறிக்கொண்டு போகும்.

"அப்ப குளிர் ஜாஸ்தியானா பனி வரும்னு இல்ல. வெயில் சோம்பேறியானாத்தான் வரும்" என்றார் ஒப்ராத்.

"கரெக்ட்."

"எங்க சூளையும் அப்படித்தான். அடுப்பு நடுவுல, நாம சுத்தி வர்றோம். கிட்டப் போறப்ப முகத்தக் காட்டினா வேகும், முதுகக் காட்டினா வேற மாதிரி வேகும். ஆனா எப்பவும் ஒரே தூரத்துல சுத்தினா, எதக் காட்டினாலும் ஒண்ணுதான்."

தேசாங்கா காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் இரண்டு வாரம் தொண்டை கிழியப் பாடம் எடுத்தும் பிள்ளைகள் மண்டையில் ஏறாத விஷயம் அது. பாதை வட்டமாக இருக்கும் காலத்தில் தலையாட்டலுக்கு வேலையே இல்லை.

அவளுடைய பெயர் இருந்ததும் அதில்தான். மேலிருந்து மூன்றாவது பட்டைக்கும் நான்காவதுக்கும் நடுவே சாதாரணத்தைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு வெறும் மஞ்சள் மண். கணக்குப்படி அங்கே ஒரு வெயில் காலம் வந்திருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் பாதை கிட்டத்தட்ட வட்டம், வெயில் சோம்பேறி, தூசி கொட்டுவது நிற்கவே இல்லை, அதனால் அங்கே பட்டையே கிடையாது என்று பதினோரு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். துறைக்காரர்கள் அதற்குத் 'தேசாங்கா இடைவெளி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சிலர் பெயரில் மலைச்சிகரம் இருக்கிறது, சிலர் பெயரில் எரிமலை. இவளுக்குக் கிடைத்தது ஒரு 'ஒன்றுமில்லை'. அதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர்தான். செகெட் நகரத்துப் பான்ஃபால்வி. ஹங்கேரிக்காரர், ஆனால் அம்மா எங்கள் நாட்டுச் சுபோதிட்சாக்காரி என்பதால் எங்கள் மொழியில் எங்களைவிட நன்றாகத் திட்டுவார். "எவ்வளவு சோம்பேறி வெயிலா இருந்தாலும் ஒரு கோடாவது போட்டுட்டுத்தான் போயிருக்கும், நீங்க சரியாப் பாக்கல" என்பது அவர் கட்சி. வெள்ளிக்கிழமை அவரோடு வருகிற அறிஞர்கள் முப்பது பேரும் சுவரைப் பார்த்து முடிவு சொல்லிவிட்டால், டான்யூப் கரை முழுவதற்குமான பெரிய அட்டவணையில் அந்த இடைவெளி அவள் பெயரோடு ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பேருந்து சூளை வாசலில் நின்றது. ஒப்ராத் கல்யாணக் கோட்டில் நின்றார். அவர் மனைவி ரூஷா தட்டு நிறையச் சின்னக் கோப்பைகளில் பிளம் சாராயத்தோடு நின்றாள். பின்னால் மேஜையில் ஆவி பறக்கும் கிபானிட்சா, எங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டி அடுக்கு ரொட்டி. அறிஞர்கள் சுவரை மறந்துவிட்டார்கள். பான்ஃபால்வி மட்டும் ஒரு கோப்பையை ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, வெட்டுப் படிகளில் விறுவிறுவென்று ஏறினார். இரண்டாவது படியில் நின்றால் இடைவெளி சரியாக மார்பு உயரத்துக்கு வரும்.

"தேசாங்கா!" என்று அவர் கத்தினது கீழே கிபானிட்சாவை வாயில் வைத்திருந்தவர்களுக்கும் கேட்டது. "அம்மா தாயே! இது என்ன?"

அவள் ஏறிப் போய்ப் பார்த்தாள். பதினோரு வருஷம் மூக்கு உரசப் பார்த்த இடத்தில், பத்தடி நீளத்துக்கு, ஒரு சாண் அகலத்தில், பளிச்சென்று ஒரு செம்பழுப்புப் பட்டை. ரிப்பன் கட்டின மாதிரி நேராக. முப்பது பேரும் பின்னாலேயே ஏறி வந்துவிட்டார்கள். யாரோ படம் எடுத்தார்கள்.

"நான் சொன்னேனா இல்லையா?" பான்ஃபால்வி குதிக்காத குறை. "எல்லாரும் பாத்துக்கங்க. என்ன நிறம்! என்ன தெளிவு! இதையா இல்லைன்னு சொன்னீங்க? கண்ணாடி மாத்துங்கம்மா!"

தேசாங்காவுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. முதலில் ஆத்திரத்துக்குத்தான் வழிவிட்டாள். கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறினாள். ஈரம். இன்னும் கொஞ்சம் கீறினாள். உள்ளேயிருந்து ஒரு வைக்கோல் துண்டு எட்டிப் பார்த்தது. அதைப் பிடுங்கிப் பான்ஃபால்வியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இங்க யாரு வைக்கோல் போட்டு மண் மிதிச்சாங்க சார்?"

பான்ஃபால்வி வைக்கோலைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். வலது ஓரத்தில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கை அச்சு இருந்தது.

"மேஸ்திரி!" என்று தேசாங்கா போட்ட சத்தத்தில் சூளைப் புறாக்கள் பறந்தன.

ஒப்ராத் வாயெல்லாம் பல்லாக ஏறி வந்தார். "நல்லா வந்திருக்கா? நேத்து பூராவும் நானும் ரூஷாவும்தான் பூசினோம். முப்பது பேர் வர்றாங்க, சுவர் மொட்டையா நின்னா நம்ம ஊருக்கு மரியாதையா?"

அதை யாரோ மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். பிறகு ஒரு போலந்துப் பெண்மணி சிரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், முப்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். செங்கல் மண் பூச்சைப் பார்த்து என்ன நிறம், என்ன தெளிவு என்று உருகின பான்ஃபால்வியின் காது நுனிவரை சிவந்துவிட்டது. பாவம், அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. முடிவு அங்கேயே ஆகிவிட்டது. இனி எந்த வாயோடு அவர் பட்டை இருக்கிறது என்று பேசுவார்? எல்லோரும் அவள் கையைக் குலுக்கிவிட்டு மிச்சக் கிபானிட்சாவைத் தேடி இறங்கினார்கள்.

ஒப்ராத் மட்டும் இறங்கவில்லை. முகம் சுண்டிப்போய் நின்றார்.

"விடுங்க மேஸ்திரி" என்றாள் தேசாங்கா. சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்திருப்பாள். "நீங்க எனக்கு நல்லதுதான் பண்ணீங்க."

"அதுக்கில்ல புரொபசரம்மா. எல்லாரும் நான் என்னமோ பொய்ப் பட்டை வச்ச மாதிரில்ல சிரிக்கிறாங்க. இல்லாததப் பூசுறவனா நான்?"

"பின்ன?"

"இருந்தது. சாயம் போயிருந்தது. அதத்தான் கொஞ்சம் தூக்கிவிட்டேன்."

தேசாங்கா அவர் பக்கம் திரும்பினாள். "எது இருந்தது?"

"புதன்கிழமை சுவரக் கழுவலாம்னு குழாயத் திருப்பினேன். ஈரம் பட்டதும் இங்க லேசா ஒரு கோடு. சோகை புடிச்ச மாதிரி, ஆனா சுவர் நீளத்துக்கும் ஓடுது. காஞ்சதும் காணாமப் போச்சு. சரி, பழசாகி வெளுத்துப்போச்சுபோலன்னு..." அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. தெரியும். தப்புதான்."

ஆமாம், சொல்லியிருந்தாள். ஆய்வுக்கு எடுக்கும் மண் கெட்டுவிடும் என்று பதினோரு வருஷமாக அந்தச் சுவர்ப் பக்கம் ஒரு செம்புத் தண்ணீரை அண்டவிட்டதில்லை. கோடைக் கடைசியில், மண் எலும்பாகக் காய்ந்து கிடக்கும்போது வந்து, தூரிகையால் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறாள். ஈரத்தில் மண்ணின் நிறம் எடுப்பாகத் தெரியும் என்பது முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரியும். அவளே பாடம் எடுத்திருக்கிறாள். ஆனால் இல்லை என்று முடிவு கட்டிவிட்ட இடத்தில் யார் போய்த் தண்ணீர் தெளிப்பார்கள்?

"யாருக்கும் தெரியாது" என்றார் ஒப்ராத் தணிந்த குரலில். ஆளுக்கு மூளை வேகம். "நான் வாயத் திறக்கல. சொல்லுங்க, திங்கக்கிழமை இயந்திரத்த இங்க விடுறேன். இந்தத் துண்டு பூராவும் செங்கல்லாகி, நோவி சாத் பட்டணத்துல யார் வீட்டுக்கோ சமையலறையாப் போயிடும். உங்க இடைவெளி உங்களுக்கு."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே அவர் சொன்னதை ஒருமுறை மனசுக்குள் நடத்திப் பார்த்தாள் என்பதும் உண்மை. அட்டவணை, அதில் அவள் பெயர், கீழே கை தட்டுகிற முப்பது பேர். எவ்வளவு சுலபம். வேண்டும் என்றுதான் இருந்தது. அதை மறைப்பானேன்?

பூசி முடித்த வாளி இன்னும் படியிலேயே இருந்தது, பாதி கலங்கல் தண்ணீரோடு. தேசாங்கா அதைத் தூக்கிக்கொண்டு பூச்சு முடிகிற இடத்தைத் தாண்டிப் போனாள். மஞ்சள் மண் மட்டும் இருந்த அந்த இடத்தில் வாளியைக் கவிழ்த்து வீசினாள். மண் தண்ணீரை உறிஞ்சியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்படியே இருந்துவிடாதா என்று அவள் வேண்டிக்கொண்டாள். பிறகு, வெந்து ஆறின பாலில் ஆடை கட்டுவது போல மெல்ல, நாலு விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு எழுந்து வந்தது.

"பான்ஃபால்வி!" என்று கூப்பிட்டாள். "மேல வாங்க. சீக்கிரம், காஞ்சிடும்."

அவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். இன்னொரு தடவை ஏமாற்றப் போகிறார்கள் என்ற பயம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தார். நகத்தால் கீறினார். வைக்கோலைத் தேடினார். இல்லை.

"இருக்கு" என்றாள் தேசாங்கா. "நான்தான் சரியாப் பாக்கல. நீங்க சொன்னது சரி."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எட்டு வருஷமாக இந்த வார்த்தைக்காகச் சண்டை போட்டவர், அது வந்து சேர்ந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"ரொம்ப மெலிசா இருக்கே" என்றார் கடைசியில். "வெயில் சோம்பேறின்னு நீங்க சொன்னதும் பொய்யில்ல."

"ஆறுதல் சொல்லாதீங்க, அழுதுடுவேன். டேப்பப் பிடிங்க."

அவர் ஒரு முனையைப் பிடித்தார். அவள் மறுமுனையைப் பிடித்து அளந்து, நோட்டில் தன் கையெழுத்தில் 'ஏழு சென்டிமீட்டர்' என்று எழுதினாள். கண்ணீர் விழுந்து எண் கலைந்துவிட்டது. அடித்துவிட்டு, மறுபடி எழுதினாள்.