ஓரக் குழிகள்

ஆய்வகத்தில் அவளுக்கு ஆயா என்று பெயர். வயதாகிவிட்டதால் அல்ல, முப்பத்தைந்துதான். நோயாளியின் புற்றுக்கட்டியிலிருந்து வெட்டிய துணுக்கை ஜெல்லில் வைத்து, நாள் தவறாமல் ஊட்டம் மாற்றி, குட்டிக் குட்டி உருண்டைகளாக வளர்த்தெடுப்பது அவள் வேலை. வளர்ந்ததும் மருந்து விட்டுக் கொல்ல வேண்டும். எந்த மருந்துக்குச் சாகிறதோ அதுதான் அந்த ஆளுக்கு. பிள்ளை வளர்க்கிற கையாலேயே விஷம் வைக்கிற பிழைப்பு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

லாரி டிரைவர் ஒருவருடைய கட்டிக்கு மூன்று மருந்துகள் பார்ப்பதாக இருந்தது. அவர் மனைவி காரிடாரில் வழிமறித்து, யாரோ சொன்ன நான்காவதின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாள். இதையும் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். டாக்டரும், இடமிருந்தால் போடு என்றுவிட்டார். உருண்டைகளை வைத்து மருந்து விடும் குழித்தட்டில் இடம் ஏது? ஓர வரிசைக் குழிகள் மட்டும்தான் மிச்சம். அங்கே ஈரம் சீக்கிரம் வற்றும் என்பதால் வெறும் தண்ணீர்தான் விடுவார்கள். தெரிந்தும், பாவம் பார்த்து நான்காவதை அங்கே வைத்தாள். பெரிய மனசுதான். அன்று அது தப்பென்று உறைக்கவில்லை.

முதல் இரண்டு மருந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை. மூன்றாவது வளர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. நான்காவதில் அத்தனையும் செத்துக் கிடந்தன. அடுத்த வாரமே தொடங்கிவிடலாம் என்றார் டாக்டர். டிரைவர் மனைவி இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தட்டைக் கழித்துப்போட எடுத்தபோதுதான் கவனித்தாள். ஓரக் குழிகளில் திரவம் பாதிக்கு இறங்கியிருந்தது. மருந்து படாமல் மிச்சமிருந்த உருண்டைகளைப் புதுத் தட்டின் நடுக் குழிகளில் வைத்து அதே மருந்தை விட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. செத்துப்போ, செத்துப்போ என்று அந்த நாலு நாளும் அவள் வேண்டாத சாமியில்லை. ஐந்தாம் நாள் லென்சில் கண்ணை வைத்தால், ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருந்தது. முன்பு செத்தவை வற்றித்தான் செத்திருக்கின்றன, மருந்துக்கு அல்ல.

அவள் போய்ச் சொன்னதும் டாக்டர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். பிறகு தணிந்து, மூன்றாவதையே கொடுப்போம், டிரைவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். தப்பு செய்தவள் நான், நானே சொல்கிறேன் என்று அவள் வார்டுக்குப் போனாள். இத்தனை நாளில் அந்த மனிதரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

துரும்பாக இளைத்திருந்தார். இவள் யாரென்று மனைவி சொன்னதும் சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்கதானா என்னை வளர்க்கறவங்க?"

அவள் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அது சாகலையா?" என்று கேட்டார் அவர்.

"சாகலைங்க. நல்லாத்தான் இருக்கு."

அவர் போர்வைச் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"என் சதைதானேம்மா. லேசுல சாகுமா?"

அந்தக் குரலில் பெருமை மாதிரி ஏதோ இருந்தது. நாலு நாளாக அதன் சாவுக்கு வேண்டிக்கொண்டிருந்தவள், அவர் கால்மாட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.