இடது காது

சாவு அறிவிப்பு அச்சடிப்பதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, இருப்பதே ஒரு நகல் கடைதான். டான்யூப் கரையில், இளவட்டமெல்லாம் ஜெர்மனிக்குப் போய்விட்ட ஊரில் வேறு என்ன அச்சாகும்? நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஓராண்டு, பத்தாண்டு என்று செத்தவர் படத்தோடு தாள் அடித்து வீட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுகிறார்கள். மழையில் கரைந்தால் மறுபடி என்னிடம்தான் வர வேண்டும்.

மிச்ச நேரத்தில் நான் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை. ஃபிளாஷில் செய்த பழைய இணைய விளையாட்டுகளையும் அசைபடங்களையும் தேடிப் பிடித்துச் சேர்த்து வைக்கிறேன். 2020 முடிவில் அந்தத் தொழில்நுட்பத்துக்கு மூடுவிழா நடத்தினார்கள். அதற்குப் பிறகு எந்த உலாவியும் அவற்றைத் திறப்பதில்லை. நாடு நாடாகச் சிதறிக் கிடக்கும் என்னைப் போன்ற கிறுக்கர்கள் சிலர், பழைய கோப்பைப் படிக்கத் தெரிந்த ஒரு புதிய நிரலில் அவற்றை ஓடவிடுகிறோம். எங்களுக்கு ஒரே விதி: எதையும் வெட்டக் கூடாது, எதையும் திருத்தக் கூடாது. இந்த விதியைப் பற்றி நான் ஊரெல்லாம் அளந்து வைத்திருக்கிறேன்.

நாலாயிரத்துச் சொச்சம் சேர்த்தாயிற்று. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. 2006இல் நானும் நெவேனாவும் செய்தது. அவள் வரைவாள், நான் நிரல் எழுதுவேன். குளிர்கால உறக்கத்திலிருந்து எழுந்த ஒரு கரடி, மார்ச் முதல் தேதிக்காகச் சிவப்பு வெள்ளை நூல்களைத் தேடி அலையும். அன்று ஊரில் எல்லோர் மணிக்கட்டிலும் கட்டியிருக்குமே, அந்த மார்த்தெனிட்சா நூல். மொத்தம் நான்கு கட்டங்கள். எந்தக் கிளையில், எந்தக் கொம்பில் நூலைத் தொங்கவிடுவது என்பது மட்டும் என் வேலை.

ஒவ்வொரு கட்டத்தையும் அவள் தனிக் கோப்பாக மெயிலில் அனுப்புவாள். ஆடுபவர்களுக்குத் தெரிவது நடுவில் உள்ள மேடை மட்டும். சன்னலை இழுத்து அகலமாக்கினால் மேடைக்கு வெளியே உள்ள ஓரமும் தெரியும். அந்த ஓரத்தில் எனக்குக் குறிப்பு எழுதி வைப்பது அவள் வழக்கம். மூன்றாம் கட்டத்தின் ஓரத்தில், ‘உன் கரடி ஃப்ரிட்ஜ் உருளற மாதிரி குதிக்குது’ என்று எழுதியிருந்தாள். அந்தக் குதிப்புக்கு நான் மூன்று வாரம் உயிரை விட்டிருந்தேன். சுருக்கென்றது. ‘இனிமேல் உன் ஓரத்தை நான் பார்க்கப்போவதில்லை’ என்று பதில் போட்டேன்.

மார்ச் முதல் தேதி காலை விளையாட்டு இணையத்தில் ஏறியது. மறுநாள், வியாழக்கிழமை மதியம், நெவேனா ஆறாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்து செத்தாள். கமென் என்பவனோடு அவள் குடியிருந்த வீடு அது. வயது இருபத்தாறு. குதித்துவிட்டாள் என்றது ஊர். அவள் அம்மா அதை நம்பியபடியே அடுத்த ஆண்டு கண்ணை மூடினார்.

நெவேனாவின் அக்கா ராடோஸ்தினா மட்டும் நம்பவில்லை. மழலையர் பள்ளியில் சமையல் வேலை, கரண்டி பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. அடக்கத்தன்று அந்தக் கையால் என் சட்டையைப் பிடித்து, “உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளாடா?” என்றார். “ஒண்ணும் சொல்லலக்கா” என்றேன். பதினெட்டு வருடமாக அதே கேள்வி, அதே பதில். ஒவ்வொரு நினைவு நாளுக்கும் கமென் வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவிக் கிண்ணத்தில் கொண்டுவந்து கல்லறைக்குப் பக்கத்தில் நின்று அழுவான். அவன்மேல் சந்தேகமே வராமல் அக்கா அவன் முதுகைத் தடவிக் கொடுப்பார். அறிவிப்புத் தாளின் அடியில் மூன்று பெயர்கள் போடுவோம்: ராடோஸ்தினா, கமென், யாவோர். யாவோர் நான்தான்.

எங்கள் விளையாட்டு இருந்த தளம் எப்போதோ செத்துப்போனது. மூன்று கட்டங்கள் எங்கெங்கோ கிடைத்தன. நான்காவது மட்டும் கிடைக்கவே இல்லை. போன வாரம் அக்கா தன் கட்டிலுக்கு அடியில் கிடந்த நெவேனாவின் பழைய கணினிப் பெட்டியைத் தூக்கிவந்து என் கடை மேசையில் வைத்தார். அதில் இருந்தது, நான் இணையத்தில் ஏற்றிய அதே வடிவம். வியாழக்கிழமை காலை, கடையில் யாரும் இல்லாதபோது திறந்தேன்.

இப்போதைய திரைகள் எல்லாம் அகலம். நிரல் படத்தைத் திரை முழுக்க விரித்தது. மேடைக்கு வெளியே, இடது பக்கம், பின்னணியில் வரைந்திருந்த பெரிய கரடி முகத்தின் இன்னொரு காது நீண்டிருந்தது. அதன் கீழே நெவேனாவின் கையெழுத்து.

‘யாவோர், போனையும் மெயிலையும் கமென் படிக்கறான். இந்தப் பக்கம் அவனுக்குத் தெரியாது. வியாழன் காலைல பத்து மணிக்கு உங்கப்பா கார எடுத்துட்டு வாடா. ஒரு பைதான் இருக்கு. அக்காகிட்ட சொல்லாத, நேரா அவன்கிட்ட சண்டைக்குப் போயிடுவா. நீ வர்றதா இருந்தா வலது காதுல நூல் கட்டி ஏத்து. எனக்குப் புரிஞ்சுடும்.’

வலது காது மேடைக்கு உள்ளேதான் இருக்கிறது. அதில் நூல் இல்லை. கிளையில் இருக்கிறது, பனிமனிதன் மூக்கில் இருக்கிறது. நான்தான் தொங்கவிட்டேன். அந்த மெயிலில் அவள் எழுதியிருந்த ஒரே வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது: ‘நாலாம் கட்டம். இடது காதைப் பார்.’ மறுபடி குறை சொல்லக் கிளம்பிவிட்டாள் என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஓரத்தைத் திறக்காமலே ஏற்றினேன். முதல் நாளே பதினோராயிரம் பேர் ஆடினார்கள். அவளும் பார்த்திருப்பாள். வரமாட்டேன் என்று நான் சொன்னதாகத்தான் அவளுக்குப் புரிந்திருக்கும்.

அவன் தள்ளினானா, அவளே குதித்தாளா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் பத்து மணிக்கு நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு அக்கா வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்றரைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். நிரலின் அமைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் மேடையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். மாற்றினேன். காதும் கையெழுத்தும் மறைந்தன. வெட்டவில்லை, மூடத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அக்காவை விட்டால் எனக்கும் யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமைதோறும் சோறு போடுபவர் அவர்தான்.

அக்கா ஒரு கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாப் பொட்டலமும் மறு கையில் போன வருடத்து அறிவிப்புத் தாளுமாக வந்தார்.

“மொதல்ல வெளயாட்டு. அப்புறம் பதினேழ பதினெட்டாக்கி அடிச்சுக் குடு. நாளன்னிக்கு ஒட்டணும்.”

“உக்காருங்கக்கா. இந்த அம்புக்குறிய அமுக்குனா குதிக்கும்.”

கரடி பள்ளத்தில் விழுந்தது. மறுபடி விழுந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “என்னடா இது, மாவு மூட்ட மாதிரி பொத்துனு விழுது! நீ செஞ்சதுதான?”

“ஆமாக்கா. அவளும் இதத்தான் சொன்னா.”

பிறகு சிரிப்பு நின்றது. திரையை விரலால் தடவினார். “இத எங்க வீட்டு அடுப்படி மேசையில உக்காந்துதான் வரஞ்சா, அந்தக் கடைசி ஞாயித்துக்கெழம. ரெண்டு காது இருந்துச்சே. ஒண்ணு கட்டத்துக்கு வெளில போச்சு. ஏன்டி இவ்ளோ பெருசு, உள்ள அடங்கலயேன்னேன். ‘உள்ள இருக்கறது ஊருக்கு, வெளில இருக்கறது யாவோருக்கு’ன்னா. அந்தக் காது எங்க?”

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“எதையும் வெட்ட மாட்டோம்னு மார் தட்டுவியே. வெட்டிட்டியா?”

அந்தச் சொல்லைப் பழையபடி மாற்றினேன். கறுப்புப் பட்டைகள் போயின.

அக்கா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டுவதுபோல உதடசைத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு கரடியின் வலது காதையே வெகுநேரம் பார்த்தார்.

“நூல் இல்லயே.”

“இல்லக்கா.”

“நீ பாக்கலயா?”

“பாக்கல. சத்தியமா இன்னிக்குக் காலைலதான் பாத்தேன்.”

“அப்ப ஏன் பாக்கல? நேரமில்லயா?”

“கோவம்.”

“என்ன கோவம்?”

“கரடி ஃப்ரிட்ஜ் மாதிரி குதிக்குதுன்னு எழுதிட்டா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து என் மேசையில் இருந்த பேனாவை எடுத்து, அறிவிப்புத் தாளின் அடியில் கமெனின் பெயரை அடித்தார். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அடுத்து என் பெயரை அடித்தார். அதற்கு அவ்வளவு அழுத்தம் தேவைப்படவில்லை.

“அவ போட்டோவ எடுத்துட்டு, அங்க அவ எழுதினத வை. அவ கையெழுத்துலயே.”

“அக்கா…”

“முப்பது தாள் அடி. மொதத் தாள அவன் கதவுலதான் ஒட்டப்போறேன். கோதும கிண்டிட்டு வெளில வருவான்ல, படிக்கட்டும்.” பொட்டலத்தைத் திரும்பக் கைப்பையில் வைத்துக்கொண்டார். “ஒரு எழுத்தையும் வெட்டாத.”

வெட்டவில்லை. அச்சுப்பொறி சூடேறியதும் முப்பதும் அடித்தேன். அவர் நின்றபடியே ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார். தாளின் அடியில் அவர் பெயர் மட்டும் இருந்தது. மேலே, சிலுவைக்குக் கீழே, நெவேனாவின் கையெழுத்தில் முதல் சொல்லாக என் பெயர் இருந்தது.