ஐந்தாவது விரல்

சாம்பு குரைத்து யாரும் கேட்டதில்லை. குட்டியாக வந்த நாள் முதல் சுடப்பட்ட நாள் வரை மூன்று வருஷம், ஒரு முறைகூட இல்லை. அதை அளந்து நான் எழுதிய நோட்டில் முதல் வரியே அதுதான்: குரைப்பதில்லை. அடுத்த வரி: வால் எப்போதும் கீழ்நோக்கி. அதற்கடுத்தது: காது நிமிர்ந்தது, ரோமம் சாம்பல், நுனி கறுப்பு, கண் மஞ்சள். நான்காவதாக ஒன்றை எழுதி அடித்திருக்கிறேன். அடித்த கோட்டுக்கு அடியிலும் அதை வாசிக்க முடிகிறது: பின்கால்களில் ஐந்தாவது விரல் உண்டு.

நான் அப்போது திருத்தணி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் புத்தகம். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஒரே சிநேகிதன் துளசிங்கம். ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். யுத்தம் நடந்த நாற்பத்தொன்றில் அவன் பட்டாளத்துக்கு டிரைவராகப் பெயர் கொடுத்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. மனைவி தமயந்தி நகரிப் பக்கத்துப் பெண். தனியாக இருப்பாளே என்று ஒரு நாய்க்குட்டி தேடினான்.

பள்ளிப்பட்டுக்கு அப்பால் ஒரு கொல்லையில் கிடை போட்டிருந்த முனெப்பன் என்ற இடையரிடம் இருவரும் போனோம். சாயங்காலம், ஆடுகளைப் படலுக்குள் அடைத்துக்கொண்டிருந்தார். இருநூறு ஆடுகளும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன. ஒற்றைக் கையால் குட்டியைத் தூக்கி துளசிங்கத்திடம் கொடுத்தார்.

"இது இன்னா ஜாதின்னு கேளுப்பா" என்றான் துளசிங்கம் என்னிடம்.

தெலுங்கில் கேட்டேன். அவர் திரும்பாமலே ஏதோ சொன்னார். ஆட்டுச் சத்தத்தில் கடைசிச் சொல் மட்டும் என் காதில் விழுந்தது: "தோடேலே."

தெலுங்கில் தோடேலு என்றால் ஓநாய்.

இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவன் என்பதில் எனக்கு அப்போது ஒரு கர்வம். "ஓநாய்க்குப் பொறந்ததாம்" என்றேன்.

துளசிங்கம் குட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "நல்லதாப் போச்சு. நான் வர்ற வரைக்கும் வீட்டாண்ட ஒருத்தன் வரமாட்டான்."

அந்த வார்த்தை ஊரெல்லாம் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. பரப்பியவன் நான்தான். மாட்டாஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் எனக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்திருந்தது. சாம்பு வளர வளர என் சொல்லுக்குச் சாட்சியாகவே வளர்ந்தது: ஓநாய் குரைக்காது, வாலைத் தூக்காது; இதுவும் அப்படியே. வாரம் ஒரு முறை டேப்போடு துளசிங்கம் வீட்டுக்குப் போய் அளப்பேன். எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த குலாம் ரசூல், "சார் ஓநாய்க்கு சட்டை தைக்கப் போறாரு, அளவெடுத்துகினு இருக்காரு" என்பான். சாம்புவுக்கும் அது பழகிவிட்டது. டேப்பைப் பார்த்ததும் பக்கவாட்டில் திரும்பி, பின்காலைத் தானே தூக்கிக் காட்டும்.

அந்தப் பின்காலில்தான் சிக்கல் இருந்தது. என்னிடம் நாய்களைப் பற்றிய ஒரு இங்கிலீஷ் புத்தகம் உண்டு. மூர் மார்க்கெட்டில் வாங்கியது. அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லை. அதில் ஓரிடத்தில், ஓநாய்க்குப் பின்காலில் ஐந்தாவது விரல் கிடையாது, நாய்களில் சிலவற்றுக்கு உண்டு என்று போட்டிருந்தது. சாம்புவுக்கு இரண்டு பின்கால்களிலும் இருந்தது. கணுவுக்குக் கீழே, தரையைத் தொடாமல், உபயோகமில்லாமல் தொங்கும் ஒரு சின்ன விரல். ஒரு மத்தியானம் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, கலப்பில் நாயின் பங்கு அது என்று முடிவுகட்டி, நோட்டில் அந்த வரியை அடித்தேன்.

நாற்பத்துநாலில் ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, மலைச் சரிவில் குப்பம்மாளின் மூன்று ஆடுகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. காவடிக் கூட்டம் வரும் நேரம். குழந்தைகளோடு ஜனங்கள் வெட்டவெளியில் படுப்பார்கள். கிராம முனிசீப் கோதண்டபாணி என்னைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். டாக்டர் சித்தூர் போயிருந்தார்.

"ஓநாய்னு நீதானேப்பா சொன்னே" என்றார். "அதயே ஒரு சீட்ல எழுதிக் குடு. நாயின்னா உட்டுட்றேன். ஓநாய்னா என் துப்பாக்கி இருக்குது. ஒரு பொம்பள வீட்டு வாசல்ல போய் நிக்கறதுக்கு எனக்கு ஒரு காயிதம் வேணும்."

நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றேன்.

அன்று மத்தியானமே தமயந்தி வந்தாள். மருந்து அறை வாசலில் நின்றாள். வெயிலில் வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும். முந்தானையால் கழுத்தையும் காதோரத்தையும் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணா, அது கட்டி வெச்ச எடத்துலதான் இருந்துச்சு. ஆட்டைத் தொடல."

"நான் பாக்கலியேம்மா."

"நாயின்னு எழுதிடுங்கண்ணா. ஒரு வார்த்தைதான."

"இல்லாதத எழுத முடியாதும்மா."

காதோரத்தை மறுபடி துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவுரு லெட்டர் வந்து எட்டு மாசம் ஆவுது. என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. இந்தத் தோடு ஒண்ணுதாண்ணா இருக்குது."

அவள் கை காதருகே இருந்தது. காதில் சின்னச் சிவப்புக்கல் தோடு. எனக்கு முகம் சூடேறிவிட்டது. புத்தகத்தோடும் நோட்டோடும் உண்மையைத் தேடிக்கொண்டிருப்பவனுக்கு லஞ்சமா?

"தோட்டக் கழட்டிக் குடுத்து எழுதி வாங்கற எடம் இல்லம்மா இது" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. பிறகு போய்விட்டாள். நாளைக்கு என்றிருந்த சீட்டை அன்றைக்கே எழுதினேன்: ஓநாய்க் கலப்பு. கீழே கையெழுத்து.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ரயில் பாதைக்கு அப்பால் இருந்த கல்குழியில். சாம்பு வேறு யாரிடமும் வராது என்பதால் கயிறு என் கையில். முனிசீப் துப்பாக்கியில் தோட்டா போடும் வரை அது என் முழங்காலில் தலையைச் சாய்த்திருந்தது. கயிற்றை ஒரு முளையில் கட்டக் குனிந்தேன். குனிந்ததும் அது பக்கவாட்டில் திரும்பி, பின்காலைத் தூக்கிக் காட்டியது.

நான் நகர்ந்துகொண்டேன். அப்போதும் அது குரைக்கவில்லை.

ஆவணியில் குப்பம்மாளின் ஆடுகள் இன்னும் இரண்டு அதேபோல் கடிபட்டுப் போயின. அதைப் பற்றி என்னிடம் கேட்க யாரும் வரவில்லை. குலாம் ரசூல்கூட என்னைப் பார்த்தால் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

மார்கழியில் ஒருநாள், குளம்பு அழுகிய ஆடு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு முனெப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பின்னால் ஒரு கிழப் பெட்டை நாய். ஆஸ்பத்திரிக்கு வரும் நாய்கள் மற்ற நாய்களின் வாடைக்கே குரைக்கும். இது படியோரம் சத்தமில்லாமல் படுத்தது. அதன் பின்காலில் அந்த விரல் இருந்தது.

குளம்பைக் கழுவிக்கொண்டே தெலுங்கில் கேட்டேன், அது ஏன் குரைக்கவில்லை என்று.

"கொலைக்கற நாய கெடையில வெக்க மாட்டோம் சாமி" என்றார். "ராவுல ஆடு மெரண்டு ஓடிப்பூடும். எங்க தாத்தா காலத்துல இருந்து கொலைக்காத குட்டியப் பாத்துப் பாத்துதான் வெச்சிக்கிறது. இது அந்த வம்சம். உங்க சிநேகிதருக்குக் குடுத்தனே, அது இதோட குட்டிதான்."

"அப்பன்?"

"மணவூராண்ட கெடை போட்டுகினு இருந்தப்ப அரக்கோணத்து ரயில் தொரை ஒருத்தர் நாய் அவுத்துகினு வந்துச்சு. சீமை நாய். காது ரெண்டும் இப்படி நிக்கும்." இரண்டு விரல்களை நெற்றியில் வைத்துக் காட்டினார்.

அல்சேஷன், பார்வைக்கு ஓநாய் போலவே இருக்கும். என் புத்தகம் அகர வரிசையில் இருந்தது. இல்லாமல் போன பக்கங்கள் முதல் எழுத்தான A-யின் பக்கங்கள்.

"தோடேலேன்னு சொன்னீங்களே" என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். "தோடேலு இல்ல சாமி. ஓநாயப் புடிச்சி ஊட்டுக்குக் குடுப்பனா? இண்டிக்கி தோடே, லே. அப்டிதான் சொன்னேன். ஜாதி இன்னாத்துக்கு, ஊட்டுக்கு ஒரு தொணைதானன்னு."

தோடு. தெலுங்கில் துணை.

ஆட்டின் குளம்பு என் கையில் இருந்தது. தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. என் காதில் முனெப்பனின் குரல் இல்லை. இந்தத் தோடு ஒண்ணுதாண்ணா இருக்குது. அவள் நகரிக்காரி, தாய்மொழி தெலுங்கு. தமிழில் பேசும்போதும் மனசுக்கு நெருக்கமான சொல்லைத் தன் பாஷையில் சொல்கிறவள். காதில் இருந்ததை அவள் சொல்லவேயில்லை. வியர்வையைத் துடைத்தாள், அவ்வளவுதான்.

தை பிறந்ததும் முனெப்பனிடம் போய், அந்தக் கிழ நாயின் பேத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு தமயந்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சாம்புவின் சங்கிலி தூணில் அப்படியே தொங்கியது. குட்டியைக் கீழே விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இடையர் சொன்னது, நான் கேட்டது, அவள் சொன்னது, நான் கேட்டது. வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை.

முறம் நிற்கவில்லை. குட்டி அவள் காலடியில் போய் முகர்ந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, குனியவும் இல்லை.

"அன்னிக்கே தெரிஞ்சிச்சி" என்றாள். "நீங்க தப்பாக் கேட்டுட்டீங்கன்னு. திருப்பிச் சொல்லியிருக்கலாம். வாய் வரல."

பிறகு முறத்தை நிறுத்தி, முதல் முறையாகக் குட்டியைப் பார்த்தாள்.

"இத இன்னான்னு எழுதி வெச்சிருக்கீங்க?"

அவள் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். குட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அது என்னிடமே வளர்கிறது. குரைப்பதில்லை. அதற்கு நான் பேர் வைக்கவில்லை, பின்காலையும் பார்க்கவில்லை. சாயங்காலம் மெயில் ரயில் வரும் நேரத்தில் என் வீட்டுப் படிக்கட்டில் நான் உட்கார்ந்திருக்க, அது பக்கத்தில் உட்காரும். ஒருநாள் குலாம் ரசூல் கடையை மூடிவிட்டு வந்து எதிரே நின்றான். பல மாதத்துக்குப் பிறகு அவனாகக் கேட்டான்.

"இது இன்னா நாய் சார்?"

"தெரியல" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். குட்டி எழுந்து, சோம்பல் முறித்து, என் பக்கமாகத் திரும்பியது. அது பின்காலைத் தூக்குமோ என்று என் உடம்பு இறுகியது. தூக்கவில்லை. மறுபடி படுத்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் நான் இப்படித்தான் இறுகுகிறேன்.