உறை பிரிக்காத மெத்தை

கிட்ட வாங்க கண்ணுகளா, நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் குரல் முன்னைப்போல் எழும்புவதில்லை. ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டே குடியில்லை என்று பேர் வாங்கிய ஒருத்தியின் கதை சொல்கிறேன். நீங்கள் கால் மாற்றி உட்காருவதற்குள் முடிந்துவிடும்.

வீடு இழந்தவர்கள், நிரந்தரமாக ஓர் இடம் கிடைக்கும்வரை தங்கிக்கொள்ள அரசு கொடுத்த நான்கு மாடிக் கட்டடம் அது. அறுபது குடும்பம். ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூடச் சேர்க்கை, வேலைக்கு மனு என்று அத்தனை பேருக்கும் ஓடுகிறவள் ஒருத்தி. ஒருங்கிணைப்பாளர் என்று அவள் அறைக் கதவில் எழுதியிருக்கும். அந்தப் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. ஃபைல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆரம்பத்தில் ஒவ்வொருவர் கதைக்கும் கண் கலங்கியவள்தான். ஏழாவது வருஷத்தில் அது நின்றுபோனது. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டால் தெரியும், வலிக்காது. வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. ராத்திரியெல்லாம் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கணவருக்கு வெளியூரில் வேலை. அவள் முழுசாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே கணக்கில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, வீடுகளைச் சரிபார்க்க வரும் அதிகாரி அவள் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், பதினெட்டாம் நம்பர்ல ஆளே இல்ல."

"இருக்காங்களே சார். காலைல கூடப் பாத்தேன்."

"நீங்க ஆளப் பாத்தீங்க. நான் மீட்டரப் பாத்தேன். மூணு மாசமாத் தண்ணி மீட்டர் அசையவே இல்ல. அடுப்புல கம்பெனி ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கல. ரெண்டு தடவை எழுதியாச்சு. வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா காலின்னு எழுதி அடுத்தவங்களுக்குக் குடுத்துருவேன். விதி நான் போட்டதில்ல."

அடுத்தவள் யாரென்றும் அக்காவுக்குத் தெரியும். கீழ்த்தளப் பொதுக்கூடத்தில், திரைத்துணிக்குப் பின்னால் எட்டு மாத வயிற்றோடு இருக்கும் பெண். தினமும் காலையில் "ரூம் வந்துச்சாக்கா?" என்று கேட்பாள். "இன்னும் இல்லம்மா" என்பாள் அக்கா. எந்தப் பக்கம் நினைத்துப் பார்த்தாலும் மனசில் ஒன்றும் எழவில்லை. இருக்கிறவளை இல்லை என்று எழுதக்கூடாது, அவ்வளவுதான். மாடி ஏறினாள்.

பதினெட்டாம் நம்பரில் இருந்தது சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாள். அறுபதை நெருங்குகிற வயசு, ஒண்டிக்கட்டை. வந்து மூன்று மாதமாகியும் கொண்டுவந்த மூட்டைகள் முடிச்சவிழாமல் சுவரோரம் வரிசையாக இருந்தன.

"எங்கம்மா படுக்கிறீங்க?"

"இதோ, கதவோரமா. பாய் இருக்கே."

"அப்போ மெத்தை?"

"அது புதுசும்மா."

"சமையல், குளியல் எல்லாம்?"

"வேலை செய்யிற எடத்துலயே குளிச்சுக்குவேன். ஒரு வேளை சோறும் அங்கயே. மத்த நேரம் ரொட்டி. வாசல்ல நின்னே தின்னுருவேன், உள்ள துணுக்கு விழாது பாருங்க."

பழைய வாடகை வீட்டில் பதினோரு வருஷம் இருந்தாளாம். வீட்டுக்காரர் ஒரு நாள் சுவரைத் தடவித் தடவி ஆணி ஓட்டைகளை எண்ணினார். பதினாலு. அடுப்புப் புகை சுவரில் ஏறிவிட்டது, வீட்டைப் பாழாக்கிவிட்டாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"இங்க ஒரு ஓட்டை, ஒரு கறை காட்டட்டும் பாப்போம்" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அக்கா விஷயத்தை விளக்கினாள். கறை இல்லாததுதான் இப்போது குற்றம் என்றாள். அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது.

"கத்திரிக்கோல் எடுத்தேன்மா. கை போகல."

"குழாயையாவது தொறந்து விடுங்க. மீட்டர் ஓடட்டும்."

"தண்ணியச் சும்மாக் கொட்டச் சொல்றீங்களா? படிச்சவங்க பேசுற பேச்சா இது?"

வியாழக்கிழமை எட்டரை மணிக்கெல்லாம் அக்கா வந்துவிட்டாள். முந்தின ராத்திரி மாமியாருக்குக் காய்ச்சல், பொட்டுத் தூக்கமில்லை. காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவந்திருந்தாள். கத்திரிக்கோலை வாங்கி, உறையைத் தலையிலிருந்து கால்வரை கிழித்து உருவினாள். அம்மாள் தன் தோலையே உரித்த மாதிரி நின்றாள். உட்கார்ந்த பள்ளமாவது தெரியட்டும் என்று அக்கா மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். சரிந்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

அப்புறம் நடந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அம்மாள் அவள் தோளைத் தொட்டாள். எழுப்பிப் பார்த்தாள், அசைவில்லை. கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்த அடையாள அட்டைக் கயிற்றை மெல்லக் கழற்றி வைத்தாள். கன்னம் ஒட்டிப்போன அந்த முகத்தையே பார்த்தாள். ஒருத்தி வீட்டுக்கு வந்து பசியோடு படுத்திருக்கிறாள். எழுந்தால் ரொட்டியை நீட்டுவதா?

முதல் மூட்டையை அவிழ்த்தாள். பாத்திரம் எடுத்தாள். பக்கத்து வீட்டில் அரிசியும் வெங்காயமும் கைமாற்றாக வாங்கினாள். குழாயைத் திறந்து அரிசி களைந்தாள். அடுப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். உலை பொங்கி வழிந்தது. பாதி துடைத்தாள், அதற்குள் வெங்காயம் தீய ஆரம்பித்தது, துணியைப் போட்டுவிட்டு அங்கே ஓடினாள்.

சரியாகப் பத்து மணிக்கு அதிகாரி கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"ஷ்... தம்பி, ஷூவ வெளிய கழட்டிட்டு வாங்க. மெதுவாப் பேசுங்க, பிள்ள தூங்குது."

பத்து வருஷமாக அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்குள்ளும் ஷூவோடு நடந்தவர் அவர். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. குனிந்து கழற்றினார். ஒரு காலுறையின் ஓட்டை வழியே கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"உக்காருங்க. ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்."

"டியூட்டிம்மா."

"டியூட்டில இருக்கிறவங்களுக்கு வயிறு கெடையாதா?"

அவர் அடுப்பைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். "ஒருத்தர் இல்லன்னு எழுத வந்தேன். இங்க ரெண்டு பேர் இருக்கீங்க" என்று முணுமுணுத்தார். நின்றபடியே எழுதினார்: குடியிருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அக்கா எழுந்தபோது பதினொன்றரை. அம்மாள் தட்டை நீட்டினாள். எழுதிவிட்டுப் போன தாளையும் காட்டினாள். அக்கா படித்தாள், சாப்பிட்டாள். சந்தோஷம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சோறு சூடாக இருந்தது, அது தெரிந்தது.

கீழே இறங்கினாள். திரைத்துணியை விலக்கி அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"எங்கக்கா போயிட்டீங்க? கன்னத்துல மெத்தைத் தையல் தடம் பதிஞ்சிருக்கு."

"பதினெட்டுல இருந்தேன்."

"அப்போ அந்தம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவள் தலையாட்டினாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, திரைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். அக்கா கொஞ்ச நேரம் அந்தத் துணிக்கு முன்னால் நின்றாள். பிறகு தன் அறைக்குப் போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் சுவர் நிறைய ஆணி இருக்கட்டும், ஆணிக்கு ஆணி ஏதாவது தொங்கட்டும். களைத்து வருகிறவர்கள் கேட்காமலே சாய்ந்து தூங்குகிற வீடாக அது இருக்கட்டும். நல்லா இருங்க.