விருப்பத்தின் பேரில்

புதுக்கடை நீதிமன்ற வளவின் பின்சுவரில் ஏணி சாத்தி, காளியப்பன் வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். பியோன் மர்ஸூக் ஏணிக்குக் கீழே வந்து அண்ணாந்தான்.

"காளியப்பன், கிளாக்கர் ஐயா உங்கள வரட்டாம். கையக் கழுவிட்டு வரட்டாம்."

"கையக் கழுவியா? எதுக்கு?"

"எனக்கெங்க தெரியும்? விருந்தா இருக்கும்."

காளியப்பனுக்குச் சந்தேகம் என்பது சம்பளமில்லாத இரண்டாவது உத்தியோகம். மீன்காரி ஒரு சாளையைக் கூடப் போட்டால் மோந்து பார்ப்பான். கோயிலில் பொங்கலை அள்ளி வைத்தால் பூசாரியின் முகத்தைப் பார்ப்பான். இத்தனை வருஷத்தில் மராமத்து இலாகாவில் அவன் கையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அரைமனதாகக் கழுவிக்கொண்டு போனான்.

வளவுக்குள்ளேயே ஒரு மூலையில் இலாகாவின் சின்ன அறை. வெள்ளவத்தையிலிருந்து தினமும் ரயிலில் வரும் கிளாக்கர் பூபாலசிங்கம் நாற்காலியைக் காட்டினார்.

"இரும், காளியப்பன்."

அவ்வளவுதான். காளியப்பன் நாற்காலியை ஏற இறங்கப் பார்த்தான். "நிக்கிறேங்கய்யா."

"அரசாங்கம் தினக்கூலியில இருக்கிற இந்தியாக்காரரைக் குறைக்கப்போகுது. விரும்பிப் போறவைக்கு ரயில், கப்பல் எல்லாம் இனாம். கையில கொஞ்சம் சல்லியும் குடுப்பினம்."

"விரும்பாதவங்களுக்கு?"

"அவைக்கு வேலையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை."

காளியப்பனுக்கு மனைவி வெள்ளையம்மாவின் முகம் வந்து நின்றது. ஜிந்துப்பிட்டியில் பிறந்தவள். நூல் ஆலையில் வேலை. அது தனியார் ஆலை என்பதால் அவளை யாரும் போகச் சொல்லவில்லை. இந்தியா என்பது அவளுக்குக் கப்பல் போகும் ஒரு திசை மட்டும். கூப்பிட்டால், "நீங்க போயி ஒழுகாத வீடா ஒண்ணு பாத்துட்டுச் சொல்லுங்க" என்பாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி அழுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே சுவருக்கு வெள்ளையடித்தபோது வளவெல்லாம் ஒரே ஆரவாரம். மர்ஸூக்தான் ஓடிவந்து சொன்னான்: தோட்டத்துக் கூலிகளுக்காகப் பேசிய ஒரு வெள்ளைக்காரத் துரையை நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கவர்னர் கட்டளை போட்டாராம். காரணமில்லாமல் அப்படி ஒருவனைக் கப்பலேற்ற ஏலாது, கட்டளை செல்லாது என்று பெரிய கோட்டில் தீர்ப்பாம். காளியப்பன் அன்றும் நம்பவில்லை. 'அந்தத் தீர்ப்பு வெள்ளைக்காரனுக்குச் செல்லும், நமக்குச் செல்லுமா?' என்றான். ஆனாலும் அதை எங்கோ முடிந்து வைத்திருந்தான்.

இப்போது அவிழ்த்தான்.

"ஐயா, அப்ப எனக்கு ஒரு கட்டளை குடுங்க."

"என்ன கட்டளை?"

"காளியப்பன அனுப்புன்னு கவர்னர் கையெழுத்து வச்ச கட்டளை. அந்தத் தொரைக்கு வச்சாருல்ல? வச்சதாலதான செல்லாதுன்னாங்க. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க. கோட்டு பக்கத்துலதான், ஒரு எட்டு நடந்துருவேன்."

பூபாலசிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது எப்படியோ நின்றுபோனது. பேனையைத் துடைத்தார்.

"அதாலதான் இந்த முறை கட்டளை இல்லை, காளியப்பன். உம்மை ஒருத்தரும் அனுப்பேல்லை. நீர் போறீர்."

"நானா?"

"ஓம். உம்மட விருப்பத்தின் பேரில. இந்தத் தாளில விரலை வையும். வைச்சா மாச முடிவு வரைக்கும் வேலை. வைக்காட்டி நாளைக்கு வரவேண்டாம்."

மாச முடிவுக்குள் எதையாவது யோசிக்கலாம், வெள்ளையம்மாவைக் கேட்கலாம் என்று காளியப்பன் பெருவிரலை நீட்டினான். பூபாலசிங்கம் மையில் தோய்த்து அமுக்கி எடுத்தார். தாளில் வெறும் கறுப்புக் குட்டை. ஒரு கோடு இல்லை. இடது விரலும் அப்படியே. நீற்றிய சுண்ணாம்பு வருஷக்கணக்காகத் தின்ற விரல். ரேகை இருந்த இடம் வழுவழுவென்று கிடந்தது.

காளியப்பனுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. தன் விரலையே ஆசையாகப் பார்த்தான்.

"ரேகை விழலைன்னா, விருப்பம் இல்லைன்னு போட்டுருங்கய்யா."

"மேல இண்டைக்கே அனுப்ப வேணும்," என்று பூபாலசிங்கம் முணுமுணுத்துக்கொண்டு புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "மர்ஸூக், இஞ்ச வா. உன்ர விரலைத் தா."

"அல்லாவே! என்னையா சேர் இந்தியாவுக்கு அனுப்பப் போறீங்க? எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாதே."

"பகிடி விடாத. பேர் அவற்ர. விரல்தான் உன்ர."

மர்ஸூக் காளியப்பனைப் பார்த்தான். கிளாக்கரைப் பார்த்தான். வீட்டில் ஐந்து பிள்ளைகள். விரலை நீட்டினான்.

நல்ல விரல். சுழி சுழியாக, ஒரு கோடு பிசகாமல், காளியப்பனின் பெயருக்குப் பக்கத்தில் அழகாக விழுந்தது.

"இனி நீர் போகலாம்," என்றார் பூபாலசிங்கம், தாளைப் பார்த்தபடி.

கூலி நாள் இன்னும் முடியவில்லை. காளியப்பன் ஏணிக்குத் திரும்பினான். பின்னாலேயே வந்த மர்ஸூக், என்ன சொல்வதென்று தெரியாமல், மை விரலைப் பழக்கத்தில் சுவரில் தேய்த்துவிட்டான்.

"டேய், இப்பத்தானடா அடிச்சேன்!"

"மறந்துட்டேன் அண்ணே."

காளியப்பன் தூரிகையைத் தோய்த்து அதன்மேல் ஒரு பூச்சு இழுத்தான். ஈரச் சுண்ணாம்பு எதையும் மறைக்காது, காய்ந்தால்தான் வெளுக்கும். உள்ளே கோட்டு கூடுவதற்கு மணி அடித்தது. இன்னொரு பூச்சு இழுத்தான். சுழிகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெளிவாகத் தெரிந்தன. வாளியைக் கீழே வைத்துவிட்டு, அது வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.