எழுபத்து நான்கு கிலோ

“மூக்கைக் காட்டாத. அடியைக் காட்டு” என்றார் மெர்வின்.

கேவின் டேப்லெட்டை அப்பாவின் முகத்துக்கு நேராக இன்னும் சற்றுத் தாழ்த்திப் பிடித்தான். விரலால் படத்தைத் தள்ளினான். கவிழ்த்துப் போட்ட வெள்ளைப் படகு. பன்னிரண்டு அடி. ஓரத்தில் யாருடைய ரப்பர் பூட்ஸோ தெரிந்தது.

“பெருசாக்கு.”

பெரிதாக்கினான்.

“அது கீறலா, நிழலா?”

“நிழல்னு நெனைக்கிறேன்பா.”

“நெனைக்காத. பாரு.”

பார்த்தான். தெரியவில்லை. “நிழல்தான்” என்றான்.

காலையில் நர்ஸ், அம்மாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியே வந்த அம்மா, “இன்னைக்குள்ளன்னு சொல்றா” என்றாள். பிறகு, டோஸ்ட் வேண்டுமா என்று கேட்டாள்.

முன்னறையில் சோபா இருந்த இடத்தில் மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக் கட்டில். தலைமாட்டில் மருந்தை உள்ளே தள்ளும் சின்னப் பெட்டி சில நிமிடங்களுக்கு ஒரு முறை முனகியது. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம் காலியாக இருந்தது. படகை விற்கும் கேட்ச்போல் அதைக் கொண்டுவந்து நிறுத்துவதற்காகத் தன் காரைத் தெருவில் நிறுத்தியிருந்தான் கேவின். அப்பாவால் போய்ப் பார்க்க முடியாது என்பதால், இழுவண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுவதாக அவர் சொல்லியிருந்தார்.

முப்பத்தொரு வருடம் அப்பாவும் அம்மாவும் ஒரே பாய்மரப் படகில் போட்டிக்குப் போனார்கள். பின்னால் சுக்கானைப் பிடிப்பது அம்மா. முன்னால் கயிற்றை இழுத்துக்கொண்டு அப்பா. போன கோடையில் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அந்த வாரமே அப்பா படகை விற்றார். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அலமாரிகளைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள்.

“வித்தது தப்பு” என்று மூன்று வாரத்துக்கு முன்பு அப்பா போனில் சொன்னார். “அவளுக்கு ஒரு படகு பாக்கணும். ரெண்டு பேர் போறது. வெல கம்மியா. நீ எவ்வளவு வெயிட்டு?”

கேவின் அப்போது நாரிச் நகரில், அலுவலக கேண்டீனில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் உடன் வேலை செய்பவர்கள். “எழுபத்திநாலு” என்றான். அது அவன் கல்யாணத்தின்போது இருந்த எடை. கல்யாணம் முறிந்தே ஆறு வருடம் ஆகிறது.

இப்போது தொண்ணூற்றெட்டு.

அப்பா அம்மாவின் ஐம்பத்தாறையும் அந்த எழுபத்து நான்கையும் கூட்டினார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அவர்களுடைய படகு கிளப்பில் ஒரே ரகப் படகுகள் கிடையாது. பத்து ரகம் சேர்ந்து ஓடும். ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எண் உண்டு. வேகமான படகுக்குச் சிறிய எண், மந்தமான படகுக்குப் பெரிய எண். கரையேறிய பிறகு, ஓடிய நேரத்தை அந்த எண்ணால் வகுத்து, யார் ஜெயித்தது என்று சொல்வார்கள். பழைய மலிவான படகும் அப்படித்தான் ஜெயிக்கிறது. ஆனால் அந்த எண் படகைத்தான் பார்க்கும். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காது. காற்று குறைந்த அவர்கள் ஆற்றில் படகுக்கு ஏற்றதைவிட இருபது கிலோ அதிகம் என்றால் வருடம் முழுக்கக் கடைசிதான்.

நூற்று முப்பது கிலோவுக்குப் பன்னிரண்டு அடிப் படகு. நூற்றைம்பதைத் தாண்டினால் பதினான்கு அடி. பேச முடிந்த நேரமெல்லாம் அப்பா இதையே பேசினார். பதினான்கு அடிப் படகுகள் நல்லதாக இரண்டு வந்தன. வேண்டாம் என்றார்.

அம்மா தண்ணீர்க் கோப்பையோடும் நுனியில் பஞ்சு வைத்த குச்சியோடும் வந்தாள். “இன்னும் அந்தப் படகுதானா?”

“உனக்கென்ன ஏவ்ரில். பின்னாடி சொகுசா உக்காந்து கத்துற வேலை.”

“நீ முன்னாடி தூங்குனா கத்தாம கொஞ்சுவாங்களா?”

“முப்பத்தோரு வருஷமாத் தூங்கியிருக்கேன்டா” என்று அப்பா கேவினிடம் சொன்னார். “இவ குரல்லயும் தூக்கம் வந்துது பாரு.”

அம்மா அவர் உதட்டை நனைத்தாள். அவர் பஞ்சைச் சப்பினார். அவள் குச்சியை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது.

பன்னிரண்டு வயதில் கேவின், படகு கவிழ்ந்து பாய்த்துணிக்கு அடியில் சிக்கிக்கொண்டான். மூன்று நொடி என்றார் அப்பா. அவ்வளவுதான் இருக்கும். அதன் பிறகு அவன் படகில் ஏறவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பும் வருகிறாயா என்று கேட்கவில்லை. எடையைத்தான் கேட்டார்.

இப்போதே கேட்ச்போலுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லலாம். அப்பாவிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவர் படகு தேடுவதை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்குவார். அதற்கு நேரம் கிடையாது.

“கேட்ச்போல் எத்தனை மணிக்கு வரான்?”

“மூணுக்கு.”

“இப்ப மணி என்ன?”

“ஒண்ணு ஆகப்போகுது.”

அப்பா கண்ணை மூடினார். இமைகளும் மஞ்சளாக இருந்தன. தூங்கிவிட்டார் என்று நினைத்து கேவின் டேப்லெட்டை அணைத்தான்.

“அப்பா, ஒண்ணு சொல்லணும்.”

“ம்.”

“அந்த எழுபத்திநாலு...”

“விடுடா.”

“இல்லப்பா, நான்...”

“காலையில நீ மாடியிலேர்ந்து எறங்குறப்ப படி சொல்லுது” என்றார் அப்பா. “மூணாவது படி. எனக்கே அது அவ்வளவு கத்துனதில்ல.”

கேவின் சிரித்துவிட்டான். அப்பா சிரிக்கவில்லை. மூச்சுக்காகக் காத்திருந்தார்.

“தெரிஞ்சுமா இந்தப் படகு?”

பெட்டி முனகியது. ஓய்ந்தது.

“படகுல உக்காரப் போறவன் எடையில பொய் சொல்ல மாட்டான்” என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. “போன்லயே தெரிஞ்சுபோச்சு. சரின்னு விட்டுட்டேன். வேற யாராச்சும் வருவாங்க. கிளப்னா ஒல்லியா ஒருத்தன் வேலையில்லாம சுத்திக்கிட்டுதான் இருப்பான். அவனுக்கு இந்தப் படகு சரியா இருக்கும்.”

“நான் வரேன்பா.”

அப்பாவின் வாய் சற்றுத் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போனது, நின்றது, வெளியே வந்தது.

“நான் வரேன்” என்றான் கேவின், இன்னும் உரக்க.

“என்ன?” என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

“ஒண்ணுமில்ல.”

அவன் அப்பாவின் காதருகே குனிந்தான். அந்த இரண்டு சொற்களை மறுபடி சொல்லப் பார்த்தான். காதின் மேல் ஓரத்தில் வெயிலில் பல வருடம் உரிந்து உரிந்து தடித்த தோல். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை.

அதன் பிறகு அப்பா பேசவில்லை. மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி வந்தது. அம்மா வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். ஏப்ரனைக் கழற்றவில்லை. ஒவ்வோர் இடைவெளியிலும் இருவரும் தலையைத் தூக்கினார்கள். மூச்சு வந்ததும் தாழ்த்தினார்கள். மணி இரண்டு பத்துக்குத் தூக்கிய தலையைத் தாழ்த்த வேண்டியிருக்கவில்லை.

“கெட்டிலை அணைச்சிட்டு வா” என்றாள் அம்மா.

அது தானாகவே அணைந்திருந்தது. கேவின் அதன் முன் நின்றான். பிறகு நர்ஸுக்குப் போன் செய்தான்.

நர்ஸ் வந்து, பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள். பெட்டியை நிறுத்தினாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். மார்ச் மாதக் காற்று உள்ளே வந்தது. அதோடு ஒரு வேன் பின்னோக்கி வரும் சத்தமும் வந்தது.

கேட்ச்போல் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்திருந்தார். அவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கேவின் வெளியே ஓடினான். அதற்குள் வேனின் பின்னால் இருந்த படகு ஜன்னலுக்கு நேராக வந்து நின்றுவிட்டது. கேட்ச்போல் குதித்து இறங்கினார். ஒட்ட வெட்டிய நரைத்தலை, பின்னல் தொப்பி.

“நீதான் பையனா? ஜன்னல் பக்கமாக் கொண்டாந்து நிறுத்து, அடியைப் பாக்கணும்னாரு. போன்ல என்னா கேள்வி கேட்டாரு தெரியுமா? என் பொண்டாட்டியை எனக்குக் கட்டிக் குடுக்குறப்பகூட அவங்கப்பா இவ்வளவு கேக்கல. எங்க, முழிச்சிருக்காரா?”

“எறந்துட்டாரு” என்றான் கேவின். “இப்பதான்.”

கேட்ச்போல் தொப்பியைக் கழற்றினார். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். தொப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் படகுக்குள் வைத்தார்.

“நான் வேணா... எடுத்துட்டுப் போயிடவாப்பா?”

வாசல் கதவு திறந்தது. அம்மா வீட்டுச் செருப்போடு வந்தாள். கல்தரையில் தண்ணீர் தேங்கியிருந்த இடத்தைச் சுற்றிக்கொள்ளாமல் நேராக நடந்தாள்.

“அம்மா, சொல்லு. திருப்பி அனுப்பிடலாமா?”

“கட்டை அவுத்துவிடு” என்றாள்.

கேவினும் கேட்ச்போலும் ஆளுக்கொரு பக்கம் பட்டைகளை அவிழ்த்தார்கள். கேவினின் பக்கத்துக் கொக்கி வரவில்லை. கேட்ச்போல் சுற்றி வந்து எடுத்துவிட்டார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“அம்மாகூட முன்னாடி யாரு போவாங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இவன் இல்ல” என்றாள் அம்மா. “யாராச்சும் கெடைப்பாங்க.”

“நான்தான்” என்றான் கேவின்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை.

“நீயா? எவ்வளவு இருப்ப?”

“தொண்ணூத்தெட்டு.”

கேட்ச்போல் தலையைச் சொறிந்தார். “அப்ப பதினாலு அடியில்ல எடுத்திருக்கணும்.”

“ஆமா” என்றான் கேவின்.

அம்மா குனிந்து, மடக்கிய விரல் மூட்டால் படகின் அடிப்பக்கத்தைத் தட்டத் தொடங்கினாள். மூக்கிலிருந்து பின்னோக்கி, ஒரு சாண் இடைவெளி விட்டு, காதைச் சாய்த்தபடி தட்டினாள். சத்தம் கெட்டியாக, ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. நடுவுக்கு வந்தபோது மாறியது. அவள் நின்று, அதே இடத்தில் இன்னொரு முறை தட்டினாள். உள்ளே இற்றுப்போனது போல் பொத்தென்று கேட்டது. கேட்ச்போல் தன் பூட்ஸைப் பார்த்தார்.

அம்மா அந்த இடத்தில் ஒரு நிமிடம் உள்ளங்கையை வைத்திருந்தாள். பிறகு ஒரு சாண் தள்ளி, மேற்கொண்டு தட்டிக்கொண்டு போனாள்.